சொட்டுகூட வெளியே போகாது

பனியன் கம்பெனி டிசைன் அறைக் கம்ப்யூட்டருக்கும் தண்ணீர் வசதி வந்துவிட்டது. பிராசசர் தலைமேல் குட்டிப் பம்ப்; அங்கே சூடேறும் திரவம் ரேடியேட்டருக்குப் போய், ஃபேன் காற்றில் ஆறி, மறு குழாயில் திரும்பும். ஒரு சொட்டுகூட வெளியேறாது. சாயக் கழிவுநீரில் இதைச் சாதிக்காததால்தான் 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. அதற்குள் நொய்யல் ஆறு பார்க்காத கலர் இல்லை. (நல்லவேளை, பிராசசருக்கு யாரும் சாயம் போடுவதில்லை.)

ஆனால் ஊர் சும்மா விடுமா? நிட்டிங் மெஷின் பக்கமிருந்து பறந்துவரும் பஞ்சு ரேடியேட்டர் இடுக்கெல்லாம் அப்பிக்கொள்கிறது. கழற்றிப் பார்த்தால் கால் பனியன் தேறும். ஏர் கன்னால் ஊதிவிட்ட அயர்ன் மாஸ்டர் கேட்டார்: "ஏனுங்க, இதுக்கு ஏசி, தண்ணி, மூணு ஃபேனு. நம்ம டேபிளுக்கு மேல இருக்கற ஒத்த ஃபேன் எப்பங்க சுத்தும்?"