கவசத்தில் ஓர் ஓட்டை

முரட்டு லேப்டாப் வாங்குகிறவர் சோதனைச் சான்றிதழ்களை ஜாதகக் கட்டம்போல ஆராய்வார். அமெரிக்க ராணுவத்தின் மில்-எஸ்டிடி-810எச் தரப்படி, நான்கு அடி உயரத்திலிருந்து முகம், விளிம்பு, மூலை என்று 26 முறை கீழே போட்டுப் பார்த்திருக்க வேண்டும். ஐபி65 முத்திரையும் வேண்டும்: தூசி நுழையாது, தண்ணீரைப் பீய்ச்சினாலும் அசராது.

அப்படி லட்சங்களைக் கொட்டியவர், மவுஸ் என்று வந்ததும், “வயர் இல்லாம ஏதோ ஒண்ணு குடுங்க” என்பார். கடைக்காரரும் இருப்பதில் மலிவானதை எடுத்து நீட்டுவார். அதன் நக அளவு ரிசீவரை யுஎஸ்பி துளையில் செருக வேண்டும். செருகினால் துளையின் மூடியைச் சாத்த முடியாது. மூடி திறந்திருந்தால் ஐபி65 வெறும் ஸ்டிக்கர்தான். தூசிக்கும் மழைக்கும் ராஜ வரவேற்பு.

ரிசீவரே வேண்டாத புளூடூத் மவுஸ் இருக்கிறது. மருத்துவமனைகளுக்கென்றே, குழாயடியில் கழுவக்கூடிய ஐபி68 மவுஸ்கூட இருக்கிறது. விலையைச் சொன்னால், “மவுஸுக்குப் போய் இவ்வளவா?” என்று அதிர்ச்சி அடைவார். அதே கடையில், அதே பில்லில், லேப்டாப்புக்கு அடிபடாமலிருக்க மெத்தை வைத்த பை ஒன்றும் வாங்கிக்கொள்வார்.