டாட்ஃபைல் மாமணி

புது லேப்டாப் கொடுத்தால் மற்றவர்கள் முதலில் மெயில் திறப்பார்கள். டாட்ஃபைல்காரர் நேரே டெர்மினலுக்குப் போவார். கிட்ஹப்பில் வைத்திருக்கும் தம் ரெப்போவை இறக்கி, இன்ஸ்டால் ஸ்கிரிப்டைத் தட்டிவிட்டு, “ரெண்டே நிமிஷம் தம்பி, பழைய மெஷின் அப்படியே வந்துரும்” என்பார். ஸ்கிரிப்ட் பாதியில் படுத்துவிடும். சாப்பாட்டு நேரம் வரை அதை எழுப்பிக்கொண்டிருப்பார்.

அவர் சொத்தெல்லாம் .பாஷ்ஆர்சி, .விம்ஆர்சி, .கிட்கான்ஃபிக் என்று புள்ளியில் தொடங்கும் செட்டிங் கோப்புகள். சாதாரணமாக ‘எல்எஸ்’ அடித்தால் இவை கண்ணில் படா. யாரும் உட்கார்ந்து யோசித்துச் செய்த ஏற்பாடு இல்லை இது. நாம் இருக்கும் டைரக்டரிக்குப் பெயர் ஒரு புள்ளி, அதற்கு மேலுள்ளதற்கு இரண்டு புள்ளி. யூனிக்ஸின் ஆரம்ப நாளில் இந்த இரண்டையும் பட்டியலில் காட்டாமலிருக்க, பெயரின் முதல் எழுத்து புள்ளியா என்று மட்டும் பார்த்து ஒதுக்கிவிட்டார்களாம். பெல் லேப்ஸில் இருந்த ராப் பைக் சொன்ன கதை. அந்தச் சந்தில் நுழைந்த கோப்புகள்தான் இன்று நம்மவர் ஹோம் டைரக்டரி முழுக்கக் குடித்தனம் நடத்துகின்றன.

அவற்றை அடுக்குவதே அவருக்குப் பொழுது. முதலில் பென் டிரைவில் காப்பி வைத்திருந்தார். பிறகு குனு ஸ்டோவுக்கு மாறினார்: அசல் ஒரு ஃபோல்டரில், ஹோமில் வெறும் சிம்லிங்க். எல்லாம் சரியாக அமர்ந்த வாரத்திலேயே கிட்டின் ‘பேர் ரெப்போ’ வழி காதில் விழுந்தது. சிம்லிங்க் அத்தனையும் பிடுங்கப்பட்டன. இப்போது ஷேமுவா என்ற டூல். ஆபீஸ் மெஷினுக்கு ஒரு மெயில் ஐடி, வீட்டு மெஷினுக்கு இன்னொன்று என்று டெம்ப்ளேட் எழுதுகிறார். இருப்பது ஒரே மெஷின்.

எல்லாம் .கான்ஃபிக் ஃபோல்டருக்குள் ஒழுங்காக இருக்க வேண்டும் என்பது அவர் கட்சி. எஸ்எஸ்ஹெச் மட்டும் தன் பழைய இடத்தை விட்டு அசைய மறுக்கிறது. அது அவருக்குத் தீராத மனக்குறை.

புதிதாகச் சேர்ந்த பிள்ளைகளிடம் 2013 ஜனவரிக் கதையைச் சொல்லாமல் விடமாட்டார். கிட்ஹப் புது கோட் தேடல் வசதியைத் திறந்ததும், டாட்ஃபைலோடு சேர்த்துத் தங்கள் பிரைவேட் கீயையும் ஊரறியப் போட்டிருந்தவர்கள் வரிசையாக மாட்டினார்கள். “அதான், என்னோடதுல ரகசியம் எதுவும் கிடையாது” என்பார். உண்மைதான். கடைசிப் பதினைந்து கமிட்டும் பிராம்ப்டின் நிறத்தைப் பற்றியவை.

அவர் விரல்கள் முழு கமாண்டை மறந்து நாளாயிற்று. ‘கிட் ஸ்டேட்டஸ்’ என்பதற்கு ‘ஜிஎஸ்’ என்று ஏலியாஸ். ஒருநாள் சர்வரில் ஏதோ கோளாறு. மேனேஜர் முதுகுக்குப் பின்னால் நிற்கிறார். நம்மவர் உட்கார்ந்த வேகத்தில் ‘ஜிஎஸ்’ தட்டினார். அந்தச் சர்வரில் ஏலியாஸ் ஏது? அதே பெயரில் இருக்கும் கோஸ்ட்ஸ்கிரிப்ட் என்ற புரோகிராம் திறந்து ‘ஜிஎஸ்>’ என்று காத்து நின்றது. ‘எல்எஸ்’ அடித்தார். அப்படி ஒன்று எனக்குத் தெரியாது என்று எரர் வந்தது.

“என்ன சார் ஆச்சு?” என்றார் மேனேஜர்.

“சர்வர் செட்டப்பே சரியில்ல சார். அஞ்சு நிமிஷம் கொடுங்க, என் டாட்ஃபைலைப் போட்டுடறேன்.”