பக்கத்து ரூமு அட்டையப் படிடா பேராண்டி

ஏன்டா பேராண்டி, நெஞ்சுல நட்சத்திரம் போட்ட சட்டையோட சி ரூசா ஒட்டுக்கடையில உக்காந்து தே தாரே உறிஞ்சிறியே, அந்த நட்சத்திரக்காரன் கத தெரியுமா? கேப்டன் அமெரிக்கா, நாட்டுக்காக அடிப்பான், அவ்வளவுதானே? மிச்சத்த நான் சொல்றேன். ரொட்டி சானாய் ஒன்னு சொல்லு.

1941 மார்ச்சுன்னு தேதி போட்டு அவன் மொத புஸ்தகம் வந்துச்சு. அட்டையிலயே ஹிட்லர் தாடையில குத்து. அமெரிக்காக்காரன் அப்ப சண்டைக்கே வரல. சப்பான்காரன் குண்டு போட்டு அவன எழுப்புனது டிசம்பர்லதான். கள்ளுக்கடைச் சண்டை மாதிரி, கைக்கு முன்னாடி வாய் எறங்கியிருக்கு. ஆனா வரைஞ்ச சைமனும் கிர்பியும் யூதப் பசங்க, அவங்க கோவம் நெசம். கிர்பிய அப்பறம் பட்டாளத்துக்கு இழுத்துக்கிட்டாங்க. பனியில கால் வெறைச்சு, ரெண்டையும் எடுத்துரலாமான்னு டாக்டருங்க யோசிச்சாங்களாம். அவன் வரைஞ்ச ஆளுக்குச் சளி கூடப் புடிக்கல.

சூப்பர்மேன் அவனுக்கும் மேல. 1942ல பட்டாளத்துல சேரப் போறான். கண்ணு சோதிக்கிறாங்க. இவன் பார்வைதான் செவுத்தத் தாண்டுமே, பக்கத்து ரூமு அட்டைய ஒப்பிச்சிட்டான். தேறலன்னு அனுப்பிட்டாங்க! அவன் போனா சாயங்காலத்துக்குள்ள சண்ட முடிஞ்சிரும், அப்பறம் புஸ்தகம் எவன் வாங்குவான்? ஊர்லயே இருந்து போர்ப் பத்திரம் வாங்குங்கன்னு அட்டையில நின்னு வித்தான். உன்ன எவனாச்சும் சண்டைக்குக் கூப்ட்டா நீயும் பக்கத்து ரூமு அட்டையப் படி.

அங்க சப்பான்காரனுக்குக் கோரப்பல்லு வரைஞ்சாங்க. இங்க அவனே படம் காட்டுனான். சிங்கப்பூர் கோட்டைய எவனும் அசைக்க முடியாதுன்னு வெள்ளக்காரன் பீத்திக்கிட்டிருந்தான். 1942 பிப்ரவரி 15ல விழுந்துச்சு. வந்தவன் ஆசியா ஆசியாக்காரனுக்குன்னான். நல்ல வசனம்தான். அப்பறம் சயாமுக்கு ரயில் போடணும், சம்பளம் உண்டு, சாப்பாடு உண்டுன்னு தோட்டம் தோட்டமா ஆளெடுத்தான். 415 கிலோமீட்டர் பாதை. நம்மாளுங்க ஆயிரக்கணக்குல அங்கயே மண்ணாப் போனாங்க. அவன் அடிச்ச பத்து வெள்ளி நோட்டுல வாழ குலை தள்ளி நிக்கும்; கடையில அரிசி இருக்காது.

1943 ஜூலையில நேதாஜி வந்தாரு. பால்மரம் சீவுன பொண்ணுங்க ஜான்சி ராணி படையில துப்பாக்கி தூக்குச்சுங்க. இத மட்டும் கேலி பண்ண எனக்கு வாய் வராது. தொரை வந்தா சைக்கிள விட்டு எறங்கி நின்ன சனத்த நிமிந்து நிக்க வச்ச மனுசன். ஆனா நேதாஜி படையில பயிற்சி குடுத்த கணபதி கதையக் கேளு. துப்பாக்கி புடிக்கக் கத்துக்குடுத்தப்ப வீரன். பின்னால தொழிற்சங்கத் தலைவரானாரு. துப்பாக்கி வச்சிருந்தாருன்னு 1949 மே 4ல புடு ஜெயில்ல வெள்ளக்காரன் தூக்குல போட்டான். அவருக்கு எவன்டா புஸ்தகம் போட்டான்?

அந்த வெள்ளக்காரன் திரும்பி வந்த அழகு இருக்கே! 1945 செப்டம்பர்ல நம்ம போர்ட்டிக்சன் கரையில படையோட எறங்குனான். சப்பான்காரன் ஆகஸ்டுலயே கையத் தூக்கியாச்சு. எதிரி வீட்டுக்குப் போனப்பறம் எறங்குனா அடி படாது பாரு.

அப்பறம் கம்யூனிஸ்டுங்கள அடக்க அவன் போட்ட அவசரகாலத்துல ஏரோப்ளேன்ல இருந்து நோட்டீசு கொட்டுவான், ஒலிபெருக்கியில தமிழ்லயே பேசுவான். தகவல் இலாகா வேன் தோட்டத்துக்கு வந்து வெள்ளத் துணியில படம் ஓட்டும். நாங்க பொடிசுங்க தரையில குந்திக்கிட்டு, எவன் சுட்டாலும் கை தட்டுவோம்.

உன் இன்னொரு ஆளு, அந்த இரும்புச் சட்டக்காரன் அயர்ன் மேன், 1963 புஸ்தகத்துல வியட்நாம் சண்டையில பொறந்தான். 2008ல படம் எடுத்தப்ப ஆப்கானிஸ்தான்ல பொறந்துட்டான். எங்க சண்டையோ அங்க பொறப்பு. அவனுக்கு எந்தக் கவுண்டர்ல பேப்பர் மாத்திக் குடுத்தாங்கன்னு கேட்டுச் சொல்லு. உன் சின்னப் பாட்டி இந்த மண்ணுலயே பொறந்து, இன்னும் குடியுரிமை இல்லாம செவப்பு ஐசிய வச்சிக்கிட்டு அலையுறா.