வைப்புத் தொகை

வைப்பின் என்ற பெயருக்கு அகராதி வேண்டாம். கடல் கொண்டுவந்து வைத்தது வைப்பு. 1341-ல் பெரியாற்றில் வந்த பெருவெள்ளம் முசிறித் துறையை மண்ணால் மூடியது என்றும், அதே வண்டலில் இந்தத் தீவு தலை தூக்கியது என்றும் இங்கே வழிவழியாகச் சொல்கிறார்கள். புது நிலம் பிறந்த மகிழ்ச்சியில், அந்த வருடத்தை முதலாகக் கொண்டு ‘புதுவைப்பு’ என்று ஓர் ஆண்டுக் கணக்கே தொடங்கினார்கள். மட்டாஞ்சேரிப் பக்கம் குடியிருக்கும் என்னைப் போன்ற தமிழனுக்கு இந்தப் பெயர் வேறு மாதிரியும் காதில் விழும். நமக்கு வைப்பு என்றால் வங்கியில் போட்டு வைத்த பணம். ஃபோர்ட் கொச்சியில் ரோ-ரோ படகு ஏறி அக்கரையில் இறங்கும்போதெல்லாம் அதுதான் நினைவுக்கு வரும். தலைமுறை தலைமுறையாக வட்டியை மட்டும் எடுத்துச் சாப்பிட்ட தீவு இது. முதலிலேயே கை வைத்துவிடலாம் என்ற மேதாவித்தனம் நம் காலத்து அரசாங்கங்களுக்குத்தான் உதித்தது.

வட்டி என்னவென்று கேட்பீர்கள். பொக்காளி நெல்.

விஷு முடிந்ததும் வயலில் நிற்கும் உப்புத் தண்ணீரைத் தூம்பு வழியே இறக்கி, தூம்பை அடைப்பார்கள். வரப்பைச் சேறு அப்பி உயர்த்துவார்கள். வயல் சேற்றை அள்ளிக் குவியல் குவியலாக வைப்பார்கள். இங்கே அதற்குக் ‘கூன’ என்று பெயர். பிறகு செய்ய வேண்டிய வேலை மழையுடையது. இடவப்பாதிப் பருவமழை கொட்டிக் கொட்டிக் குவியலின் உப்பைக் கழுவி இறக்கும். முளைகட்டிய விதையை அந்தக் குவியலின் மேல் விதைத்து, ஒரு மாதம் கழித்து, நாற்றோடு சேர்த்துச் சேற்றை வெட்டி வயலெங்கும் பரப்புவார்கள். யூரியா கிடையாது, பூச்சிமருந்து கிடையாது. தண்ணீர் ஏற ஏறப் பயிரும் ஏறும். பொக்கமாக, அதாவது உயரமாக, வளர்வதால்தான் பொக்காளி என்பார்கள். ஐப்பசி வாக்கில் இடுப்பளவுத் தண்ணீரில் பெண்கள் இறங்கிக் கதிரை மட்டும் அரிவார்கள். தாள் அங்கேயே நின்று அழுகும்.

நவம்பர் 15-ல் தூம்பைத் திறப்பார்கள். கண்டல் எனும் அலையாத்தி மரங்களின் வேருக்குள் வளர்ந்த இறால் குஞ்சு, ஓதம் ஏறும்போது தானாக வயலுக்குள் வரும். அழுகிய தாள் அதற்குத் தீனி. ஓதம் இறங்கும் இரவில் தூம்பு வாயில் விளக்கைக் கட்டி வலையைப் போட்டால் இறால். ஏப்ரல் 14 வரை இறால், அதன்பின் நெல். இறாலின் கழிவு நெல்லுக்கு உரம், நெல்லின் தாள் இறாலுக்குச் சோறு. வரப்பில் தென்னை, வரப்புக்கு வெளியே அலையை வாங்கிக்கொள்ள உப்பத்தியும் கண்டலும். இதைக் கண்டுபிடித்தவர்களுக்கு எழுத்தறிவு தரப்படவில்லை. சேற்றில் இறங்கியவர்களில் பெரும்பாலோர் புலையர்கள். வரப்பு அவர்கள் கட்டியது, நிலம் அவர்களுடையது அல்ல.

இதற்கு இப்போது ‘நிலைத்த வேளாண்மை’ என்று பெயர். கொச்சியின் குளிரூட்டிய அரங்குகளில் இதைப் பற்றி வகுப்பெடுக்கிறார்கள். மதியச் சாப்பாட்டில் இறால் வறுவல் இருக்கும். எந்த வயலில் பிடித்தது என்று யாரும் கேட்பதில்லை. கேட்டால் பரிமாறுகிறவர் சங்கடப்படுவார்.

பொக்காளிக்கு உலகத்தில் மரியாதை இல்லை என்று யாராவது சொன்னால் நான் சண்டைக்கு வருவேன். பிலிப்பைன்ஸின் பன்னாட்டு நெல் ஆய்வு நிறுவனம், ஐ.ஆர். 29 என்ற நெல்லைப் பொக்காளியோடு சேர்த்து எஃப்.எல். 478 என்ற உப்பு தாங்கும் வரிசையை எடுத்தது. அதன் முதல் குரோமோசோமில் உள்ள ‘சால்ட்டால்’ என்ற பகுதியைத்தான் பல நாட்டு நெல் ஆய்வாளர்கள் தங்கள் நெல்லுக்குள் ஏற்றப் பாடுபடுகிறார்கள். ஆக, நம் சேற்றின் குணம் ஆய்வகம் ஆய்வகமாகப் போய்விட்டது. சேறு மட்டும்தான் இங்கே பாக்கி. அதற்கும் விலை பேசியாகிவிட்டது.

2008-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். கேரளத்தின் மனசாட்சி மிகவும் சுறுசுறுப்பாக இருந்த வருடம். பிப்ரவரி 6-ந் தேதி, வல்லார்பாடம் கன்டெய்னர் முனையத்துக்குச் சாலையும் ரயிலும் போட, பக்கத்துத் தீவான மூலம்பிள்ளியில் போலீஸ் காவலோடு வீடுகளை இடித்தார்கள். அந்தத் திட்டத்துக்காக ஏழு ஊர்களில் இடம் பெயர்ந்தவை 316 குடும்பங்கள். பொக்காளி வயல் மேலும் கண்டல் மேலும் செம்மண் கொட்டி எழுந்த சாலை அது. அதே ஆகஸ்டில் நெல்வயல்-ஈரநிலப் பாதுகாப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. அதே காலத்தில்தான் பொக்காளிக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. முதலில் மண்ணைக் கொட்டு, பிறகு சட்டம் போடு, கடைசியில் பட்டம் கொடு. எங்கள் ஊரில் கருமாதிக்குக்கூட இவ்வளவு ஒழுங்கான வரிசை கிடையாது.

அந்தச் சட்டத்தின் கீழ் ஒவ்வோர் ஊராட்சியின் நெல்வயலையும் பதிந்து வைக்க ஒரு ‘டேட்டா பேங்க்’ உண்டாக்கினார்கள். கடல் வைப்பு போட்டது. அரசு அதற்கு வங்கி திறந்தது. வங்கி இருந்தால் பணம் எடுக்கும் சீட்டும் இருக்க வேண்டுமல்லவா? இருக்கிறது. உங்கள் வயல் டேட்டா பேங்க்கில் இருந்தால், அங்கிருந்து நீக்கக் கோரப் படிவம் 5. அங்கே இல்லாத வயலை மனைக்கட்டாக மாற்றப் படிவம் 6. 2018 திருத்தத்தில் அதற்குக் கட்டணமும் வைத்தார்கள். கட்டணம் ஏழைக்குப் பாரம் என்று மனம் உருகி, 2021-ல் 25 சென்ட் வரை இலவசம் என்றார்கள். வயலை உழ ஆள் கிடைக்காமல், அரித்த வரப்பைக் கட்டக் காசில்லாமல் பொக்காளிக்காரன் அல்லாடிய வருடங்களில் இப்படி உருகிய மனம் எங்கே போயிருந்தது என்று நான் கேட்கப்போவதில்லை. படிவம் 5 நிரப்பிக்கொண்டிருந்திருக்கும்.

சட்டத்தை மீறத் துணிவில்லாதவர்களுக்கு இன்னும் நாசூக்கான வழி ஒன்று உண்டு. ‘ஒரு நெல், ஒரு மீன்’ என்பது அரசின் கொள்கை. ஏப்ரல் 14-ந் தேதிக்குப் பிறகு தண்ணீரை இறக்காவிட்டால், தூம்பை அடைக்காவிட்டால், என்ன ஆகும்? ஒன்றும் ஆகாது. வருடம் முழுக்க இறால். குத்தகைப் பணம் கூடும், நெல்லுக்கான கூலி மிச்சம். உப்புத் தண்ணீர் வரப்புக்குக் கட்டுப்பட்டு நிற்குமா? பக்கத்து ஒன்றரை ஏக்கர்க்காரன் விதைக்க முடியாது, தென்னை மட்டை தொங்கும், வீட்டுச் சுவர்ப் பூச்சு உதிரும். அவன் மனு கொடுப்பான். மனு வேளாண்மைத் துறையிலிருந்து மீன்வளத் துறைக்குப் போகும். மீன்வளத் துறையிலிருந்து திரும்பி வரும். மனு ஒரு சுற்று முடிப்பதற்குள் மழை தீர்ந்துவிடும். மழை தீர்ந்தால் உப்பைக் கழுவ ஆளில்லை. இரண்டு மூன்று வருடம் இப்படிப் போனால், ‘விவசாயிக்கு நெல்லில் ஆர்வம் குறைந்துவிட்டது’ என்று ஆய்வுக் கட்டுரை எழுதலாம்.

நாகப்பட்டினக் கரையில் இறால் பண்ணைகள் நெல்லைத் தின்றபோது, காந்தியர் ஜெகந்நாதன் உச்ச நீதிமன்றம் வரை போனார். 1996 டிசம்பர் 11-ல் தீர்ப்பு வந்தது: கடலோர ஒழுங்குமுறை மண்டலத்தில் பண்ணைகள் கூடாது, பாரம்பரிய முறை மட்டும் இருக்கலாம். அந்தப் பாரம்பரிய முறையின் நல்ல உதாரணம்தான் இந்தப் பொக்காளி வயல். நாடாளுமன்றம் பார்த்தது. 2005-ல் ஒரு சட்டம் இயற்றி, அந்த மண்டலத்தின் தடை கடலோர மீன்வளர்ப்புக்குப் பொருந்தாது என்று திருத்தி எழுதியது. வழக்குப் போட்டவருக்கு நீதி, பண்ணைக்காரருக்கு நிலம். எல்லோரும் திருப்தி.

கண்டலுக்கு வருவோம். கேரளத்தில் ஒரு காலத்தில் 700 சதுர கிலோமீட்டர் கண்டல் காடு இருந்தது என்று மதிப்பிடுகிறார்கள். இந்திய வன அளவைத் துறையின் 2021 அறிக்கையில் அது 9. ஒன்பது. எழுத்துப்பிழை இல்லை. மலையாளிகளைப் பார்த்துச் சிரிக்கலாம் என்று வாயைத் திறக்கும் தமிழ் வாசகர்களே, அதே அறிக்கையில் நம் பங்கு 45. தில்லை மரத்தின் பெயரில் ஒரு தலத்தையே வைத்துப் பாடிய நாடு நம்முடையது.

கடலோரப் பாதுகாப்பைப் பற்றிய 2019 அறிவிக்கையில் எனக்கு மிகவும் பிடித்த ஒரு சொல் இருக்கிறது. சாலை போடும்போது கண்டல் அழிந்தால், அழிந்ததைப் போல் குறைந்தது மூன்று மடங்கு கண்டலை நட வேண்டும். எங்கே? ‘வேறிடத்தில்’. ஆகா! இந்தத் தீவின் புதுவைப்பு ஊரில் கண்டலை வெட்டி மூணாறில் நடலாம் போலிருக்கிறது. நண்டு, இறால் குஞ்சு, நாரை எல்லாம் வேறிடத்துக்குப் பேருந்து பிடித்துப் போய்ச் சேர்ந்துகொள்ளும். ஓதத் தண்ணீருக்கும் ஒரு கடிதம் எழுதிவிடலாம்: ‘தாங்கள் இனி வேறிடத்தில் ஏறிக்கொள்ளவும்.’ கடிதம் இன்னும் போய்ச் சேரவில்லை என்று நினைக்கிறேன். வைப்பினின் எடவனக்காட்டிலும் நாயரம்பலத்திலும் ஓதம் இன்னும் சமையலறைக்குள்தான் ஏறிக்கொண்டிருக்கிறது.

கண்ணூர் ஏழோத்தில் கல்லேன் பொக்குடன் என்று ஒருவர் இருந்தார். புலையர், விவசாயத் தொழிலாளி. பழயங்காடிச் சாலையில் பள்ளிக்குப் போகும் பிள்ளைகள் காற்றில் அல்லாடுவதைப் பார்த்து, 1989-ல் சாலையோரச் சேற்றில் கண்டல் விதைகளை ஊன்றினார். முதலில் பைத்தியம் என்றார்கள். சில இடங்களில் நட்டதைப் பிடுங்கி எறிந்தார்கள். அவர் மறுபடி ஊன்றினார். பிறகு கண்டல் பொக்குடன் என்றார்கள், பொன்னாடை போர்த்தினார்கள், விருது கொடுத்தார்கள். 2015 செப்டம்பரில் இறந்துபோனார். மேடையில் அவரைப் புகழ்ந்து பேசிவிட்டு அலுவலகம் திரும்பியவர்கள் மேசையில் என்னென்ன கோப்புகள் காத்திருந்திருக்கும் என்று நான் அடிக்கடி யோசிப்பதுண்டு.

இவற்றையெல்லாம் வளர்ச்சிக்காகப் பொறுத்துக்கொள்ள வேண்டும் என்பார்கள். பொறுத்துக்கொண்டோம். புதுவைப்பில் ஆண்டுக்கு 50 லட்சம் டன் கொள்ளளவில் திரவ எரிவாயு முனையம் 2013-ல் தயாரானது. அங்கிருந்து மங்களூருக்கு வாயுவைக் கொண்டுபோகும் குழாயைத் திறந்து வைத்தது 2021 ஜனவரியில். இடையில் ஏழு வருடத்துக்கு மேல். அந்தக் காலத்தில் ஏழு பொக்காளி விளைந்திருக்கும், ஏழு முறை இறால் வந்திருக்கும், குழாய் எதுவும் தேவைப்பட்டிருக்காது. பக்கத்திலேயே சமையல் வாயு முனையம் வேண்டாம் என்று 2017 ஜூனில் தெருவில் உட்கார்ந்த பெண்களுக்குத் தடியடி கிடைத்தது. அதற்கு மட்டும் தாமதம் இல்லை.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த ஏப்ரல் 15 அன்று, வேலை ஒன்றும் இல்லாவிட்டால், ஒரு நடை வைப்பினுக்கு வாருங்கள். அரசின் கொள்கைப்படி அன்று இறால் கணக்கு முடிந்து நெல் கணக்கு தொடங்கியிருக்க வேண்டும். ஞாறக்கல்லிலோ குழுப்பிள்ளியிலோ இறங்கி, முதலில் கண்ணில் படும் வரப்பில் ஏறி நில்லுங்கள். தூம்பு வழியே தண்ணீர் இறங்குகிறதா, தேங்கி நிற்கிறதா என்று பாருங்கள். நின்றால் குனிந்து ஒரு விரலை நனைத்து நாக்கில் வைத்துப் பாருங்கள். உப்புக் கரித்தால், எந்த வயல், எத்தனை மணி என்று ஒரு தாளில் குறித்து மாவட்ட ஆட்சியருக்கு அனுப்புங்கள். நகல் ஒன்றை உங்களிடமே வைத்துக்கொள்ளுங்கள், அங்கே தொலைந்துவிடும்.