வள்ளல்கள் போட்ட வாய்க்கால் தகராறு

கடையெழு வள்ளல்கள் ஏழு பேரும் ஒரே பெஞ்சில் சமத்தாக உட்கார்ந்து, முறை வைத்துத் தானம் கொடுத்துக்கொண்டிருந்தார்கள் என்றுதான் நமக்குப் பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்தார்கள். அவர்களில் மூன்று பேர் சட்டையைப் பிடித்துக்கொண்டு கட்டிப் புரண்ட சங்கதியைப் பாடப்புத்தகம் நைசாக விழுங்கிவிட்டது. அந்த மூவரில் இரண்டு பேர் நம்ம பழைய சேலம் ஜில்லாக்காரர்கள் என்பதால், இதைக் கொஞ்சம் விலாவாரியாகப் பேசலாம்.

முதல் ஆசாமி, தகடூர் அதியமான் நெடுமான் அஞ்சி. தகடூர் என்பது தர்மபுரி. 1965 வரை சேலத்தோடுதான் இருந்தது. இரண்டாமவர், கொல்லிமலை வல்வில் ஓரி. எழுபது கொண்டை ஊசி வளைவு போடுவதற்கு இரண்டாயிரம் வருஷம் முன்னாலேயே மேலே ஏறி உட்கார்ந்துகொண்டவர். மூன்றாமவர், கிழக்கே திருக்கோவலூர் மலையமான் திருமுடிக்காரி. இந்த மூவரும் எப்போது அடித்துக்கொள்வார்கள் என்று மேற்கே காத்திருந்தவர் சேர அரசர், பெருஞ்சேரல் இரும்பொறை.

ஓரியின் வில் வேலை எல்லோருக்கும் தெரியும். ஒரே அம்பு, யானையை வீழ்த்தி, புலியைத் துளைத்து, மானை உருட்டி, பன்றியைச் சாய்த்து, கடைசியில் புற்றில் கிடந்த உடும்பில் போய்ச் செருகி நின்றது. வன்பரணர் புறநானூற்றில் சத்தியம் பண்ணாத குறையாகச் சொல்கிறார். ஐந்து மிருகங்களும் ஸ்கேல் வைத்த மாதிரி ஒரே கோட்டில் எப்படி வந்து நின்றன என்று நாங்கள் வகுப்பில் கேட்டோம். "ஏனுங்க சார், அந்த உடும்பு என்னங்க பாவம் பண்ணுச்சு?" என்றான் கடைசி பெஞ்சுக்காரன். "உட்கார்றா, அது உயர்வு நவிற்சி" என்றார் தமிழய்யா. தமிழய்யாக்களுக்கு அந்த அணி இல்லாவிட்டால் பிழைப்பே கிடையாது.

அதியமான் விஷயத்துக்கு வருவோம். நெல்லிக்கனி கதை பழசு. அவர் முன்னோர்கள்தான் இந்த மண்ணுக்குக் கரும்பையே கொண்டுவந்தார்கள் என்று ஔவையார் பாடியிருப்பதை யாரும் கண்டுகொள்வதில்லை. இன்றைக்கு மோகனூர்ப் பக்கம் சர்க்கரை ஆலைக்குக் கரும்பு ஏற்றிப் போகிற டிராக்டர்க்காரர் வண்டியில் அதியமான் படத்தை மாட்டினாலும் தப்பில்லை.

ஔவையார் என்றதும் 1953இல் வந்த படத்தில் கே.பி.சுந்தராம்பாள் கோலூன்றி வருவாரே, அந்தப் பாட்டியை நினைக்க வேண்டாம். அந்தப் பாட்டி வேறு, பிற்காலத்தவர். இந்த ஔவையார் வாய்த்துடுக்குள்ள பாடினி. பரிசில் கொடுக்க அதியமான் நாள் கடத்தியபோது, வாயில்காப்போனைக் கூப்பிட்டு, "உங்க ராஜாவுக்குத் தன்னையும் தெரியாது, என்னையும் தெரியாது போல, எந்தத் திசை போனாலும் எங்களுக்குச் சோறு உண்டு" என்கிற பொருளில் ஒரு பாட்டைப் போட்டுவிட்டு மூட்டை கட்டினார். புலவர் பெருஞ்சித்திரனாரோ இன்னும் ஒருபடி மேல். நேரில் பார்க்காமலே அதியமான் பரிசை அனுப்பிவைக்க, "நான் என்ன வாணிகப் புலவனா?" என்று திருப்பி எறிந்தார். கவனியுங்கள், இதெல்லாம் வள்ளலுக்கே நடந்தவை.

வீட்டிலும் மனுஷர் விறைப்புதான். பிள்ளை பிறந்திருக்கிறது, பார்க்க வந்திருக்கிறார். காலில் கழல், கையில் வேல், உடம்பில் பச்சைப் புண். பகைவரை முறைத்துச் சிவந்த கண், தொட்டிலில் கிடக்கிற மகனைப் பார்த்தும் மாறவில்லையாம். ஔவையார் இதைப் பெருமையாகப் பாடுகிறார். பிள்ளை என்ன நினைத்தது என்று யாரும் பாடவில்லை.

இனி அடிதடி. அறிஞர்கள் கோத்துச் சொல்கிற வரிசை இது. அதியமான் போய்க் காரியின் கோவலூரை அடித்து நொறுக்கினார். பரணர் வாழ்த்திப் பாடினார். ஊரை இழந்த காரி நேராகச் சேரனிடம் போனார். சேரனுக்குக் கொல்லிமலை மேல் ரொம்ப நாளாக ஒரு கண். பலாவும் தேனும் கிடைக்கிற மலை யாருக்குக் கசக்கும்? காரி போய் ஓரியைக் கொன்று, மலையைச் சேரன் கையில் கொடுத்தார். காரி கள் குடிக்காமலேயே தேர் கொடுக்கிறவர் என்று கபிலர் மெச்சியிருக்கிறார். மலையையும் நிதானத்தில்தான் கொடுத்திருப்பார் போல. அதாவது, ஒரு வள்ளல் இன்னொரு வள்ளலின் மலையைப் பிடுங்கி மூன்றாம் ஆளுக்குத் தானம் செய்தார். கொடைக்கு இதைவிட விசாலமான மனசு வேண்டுமா!

அதோடு விட்டதா? சேரன் தகடூர் மேல் பாய்ந்தார். அதியமான் பக்கம் இரண்டு பெருவேந்தர்கள் துணைக்கு நின்றும் பயனில்லை, தகடூர் விழுந்தது. அதியமான் மார்பில் பாய்ந்த வேல் பாணர்களின் உண்கலத்தையும் துளைத்துப் போய்விட்டது என்று ஔவையார் அழுதார். கொஞ்சம் கள் கிடைத்தால் முழுக்க எங்களுக்கே கொடுத்துவிடுவாரே என்றும் அழுதார். இந்தப் போரைப் பற்றித் 'தகடூர் யாத்திரை' என்று தனி நூலே இருந்தது. கொஞ்சம் பாட்டை மிச்சம் வைத்துவிட்டு மற்றதைக் கரையான் படித்து முடித்துவிட்டது.

சேரன் வில்லன் என்று முடிவு கட்ட அவசரப்படாதீர்கள். முரசு வைக்கிற கட்டிலில் தெரியாமல் ஏறித் தூங்கிப்போன புலவர் மோசிகீரனாரை வெட்டாமல், விசிறி எடுத்து வீசியவர் இதே ஆள்தான். அரிசில் கிழார் பத்துப் பாட்டுப் பாடியதற்கு ஒன்பது நூறாயிரம் காசும் சிம்மாசனமும் கொடுத்து, அரசியோடு அரண்மனையை விட்டு வெளியே வந்து நின்றார். புலவர் புத்திசாலி. "ராஜ்ஜியத்தை நீங்களே வெச்சுக்குங்க" என்று மந்திரி வேலையை மட்டும் வாங்கிக்கொண்டார். ஊரை வீழ்த்தியவனும் விசிறி வீசினால் நல்லவன்; எழுதுகோல் விசிறிக் காற்று வாங்குகிறவர் கையில் இருந்தது. நம் பாடப்புத்தகத்தில் தானம் தங்கி அடிதடி காணாமல் போனதன் சூட்சுமம் இவ்வளவுதான்.

எழுதுகோல் அடுத்தவர் கையில் இருந்த கதை வெளிநாட்டிலும் உண்டு. ஜப்பானியப் பிள்ளைகள் ஹிமிகோ என்ற ராணியைப் படிக்கிறார்கள். அந்தம்மா கி.பி. 239இல் சீனத்துக்குத் தூது அனுப்பி, நூறு வெண்கலக் கண்ணாடி சன்மானம் பெற்றார். எழுதிவைத்தவர்கள் சீனர்கள்; ராணியின் நாடு எங்கே இருந்தது என்று ஜப்பானியப் பேராசிரியர்கள் இன்னும் மல்லுக்கட்டுகிறார்கள். நமக்கும் அப்படி ஒரு வழக்கு இருந்தது. அசோகர் கல்வெட்டில் சோழ, பாண்டிய, கேரளபுத்திரரோடு 'சதியபுத' என்று ஒரு பெயர். யார் அது என்று ஆளுக்கொரு ஊரைக் காட்டினார்கள். 1981இல் திருக்கோவலூர் அருகே ஜம்பையில் ஒரு தமிழி கல்வெட்டு சிக்கியது: சதியபுதோ அதியன் நெடுமான் அஞ்சி கொடுத்த பள்ளி. வழக்கு பைசல். சிக்கிய இடத்தைப் பாருங்கள், காரியின் சொந்தப் பேட்டை! எதிராளி ஊரில் போய்ப் பாறையில் பெயர் வெட்டிவிட்டு வந்திருக்கிறார் மனுஷர்.

தகடூர் விழுந்ததோடு அதியமான் குடி அற்றுப்போகவில்லை. எட்டாம் நூற்றாண்டில் அதியர் குலத்துக் குணசீலன் நாமக்கல் மலையைக் குடைந்து அரங்கநாதரைப் படுக்க வைத்தார். இன்னும் நாலைந்து நூற்றாண்டு கழித்து விடுகாதழகிய பெருமாள் என்ற அதியமான், போளூர்ப் பக்கம் திருமலைக் கல்வெட்டில் தன்னை எந்த வம்சம் என்று எழுதிக்கொண்டார் தெரியுமா? சேர வம்சம். தகடூரை வீழ்த்தினார்களே, அதே சேரர். அவரை நிறுத்தி விசாரித்திருந்தால், "அதெல்லாம் பங்காளி சண்டைங்க, நீங்க ஏனுங்க நடுவுல?" என்றிருப்பார்.