போன் சித்தப்பா

காலை ஏழு மணிக்கெல்லாம் தேவாரத்து டீக்கடை பெஞ்சில் போன் சித்தப்பா ஆஜர். போனை உதட்டருகே கொண்டுபோய், மலைமேல் ஏலத்தோட்டத்தில் நிற்கிற ஆளைக் கூப்பிடுவதுபோல ஒரு சத்தம்: "இடது காலு மரமரப்பு! வயசு அறுபத்தெட்டு! பொம்பளை!" அந்த அறுபத்தெட்டு வயசு பக்கத்தில் தலைகுனிந்து நிற்கும். தெருவில் யாருக்கு மூலம், யாருக்கு விரைவீக்கம் என்பது கூகுளுக்கு முன்னால் டீ மாஸ்டருக்குத் தெரிந்துவிடும்.

முதலில் வருகிற வீடியோதான் வேதவாக்கு. அதிலும் ஆள் பார்த்துத்தான் தீர்ப்பு. ஒரே முதுகுவலிதான். காலேஜ் பையனுக்கு, "போன் பாக்குறதக் கொறைடா." ஆத்தாவுக்கு, "தேய்மானம். வயசாச்சுல்ல." ஜீப்பேறிக் கேரளத்துக்கு ஏலக்காய் எடுக்கப் போகும் அக்காவுக்கு, "ரெண்டு நாளு ரெஸ்ட் எடும்மா." அந்த ரெண்டு நாள் கூலியை யார் தருவார் என்று வீடியோவில் சொல்லவில்லை. திராட்சைத் தோட்டக்காரருக்கு மட்டும், "மதுரைக்குப் போயி ஒரு ஸ்கேன் எடுத்துருங்கண்ணே."

தமக்கிருக்கும் சர்க்கரையை அவர் தேடியதே இல்லை. கேட்டால், "எனக்கென்னப்பா கொறை?" என்று இரண்டாவது வடைக்குக் கை நீட்டுவார்.

நல்ல மனுசர்தான். நடுராத்திரியில் பிள்ளைக்குக் காய்ச்சல் என்று கதவைத் தட்டினால், கூகுளை மறந்து 108-ஐ அழைப்பார்; உத்தமபாளையம் ஆஸ்பத்திரிவரை கூடவே போவார்.

ஆனாலும் ஒரு விஷயத்தில் எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை. சித்திக்கு மாதாமாதம் உதிரம் நிற்காமல் போகிறது. அதை எந்த பெஞ்சில் உட்கார்ந்து கத்திக் கேட்பது? சித்திக்கென்று ஒரு போன் கிடையாது. 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, 15 முதல் 49 வயதுக்குள் ஒருமுறையாவது இணையத்தைப் பயன்படுத்திய ஆண்கள் நாட்டில் 57.1 சதவீதம், பெண்கள் 33.3. போன் கையில் இருக்கிற அமெரிக்காவிலோ, நோய்நொடி பற்றி இணையத்தில் தேடுவதில் பெண்களே முந்துகிறார்கள் என்று பியூ ஆய்வு மையம் 2013-இல் சொன்னது. சித்தப்பா இதைத் தேடிப் பார்த்திருக்க மாட்டார்.

சித்தப்பா, உங்கள் பழைய பட்டன் போனையாவது சித்தியிடம் கொடுங்கள். 104 மருத்துவ ஆலோசனை எண்ணுக்கு அடித்தால் காசில்லாமல், ஊருக்குக் கேட்காமல் பேசலாம். சித்தி பேசி முடித்ததும் உங்கள் சர்க்கரையைப் பற்றியும் ஒரு வார்த்தை கேளுங்கள்.