இடுப்பளவுதான் சார்!

அலையில்லாத தண்ணீர் எங்கே இருக்கிறது என்று நீச்சல் தெரிந்தவரிடம் கேட்கக் கூடாது. அவருக்கு எல்லாத் தண்ணீரும் ஒன்றுதான். அதில் ஆராய்ச்சியே செய்து வைத்திருப்பவன் என்னைப்போல நீச்சல் தெரியாத ஆசாமி. படகு வாடகையை விசாரிக்கும் முன் ஆழத்தை விசாரிப்பேன். அப்படிப் புதுச்சேரியைச் சுற்றிச் சேர்த்த ஞானம் இது.

முதலில் நோணாங்குப்பம். கடலூர் சாலையில் 8 கிலோமீட்டர் போனால் சுண்ணாம்பாற்றுப் படகுத்துறை. பார்த்தால் பரம சாது. ஆனால் முகத்துவாரம் பக்கத்திலேயே இருப்பதால், கடல் ஏறும்போது தண்ணீர் ஊர்ப்பக்கம் வரும். இறங்கும்போது கடல்பக்கம் போகும். துடுப்பை நிறுத்தினால் படகும் நின்றுவிடும் என்று நம்பிக்கொண்டிருப்பவருக்கு இது புது அனுபவம். மதியத்துக்கு மேல் கடல்காற்றும் சேர்ந்துகொள்ளும். ஆகவே காலையிலேயே போய்விடுவது உத்தமம். மணல்திட்டுக் கடற்கரைக்குப் போகிற மோட்டார் படகுக்காரர்கள் நம்மைப் பார்த்துக் கையாட்டுவார்கள். பதிலுக்கு நான் ஆட்டியதில்லை. இரண்டு கையும் படகைப் பிடித்துக்கொண்டிருக்கும்போது மரியாதைக்கு எங்கே போவது?

ஊசுட்டேரி இன்னும் சாது. புதுச்சேரியும் தமிழ்நாடும் பங்கு போட்டுக்கொண்டிருக்கும் ஏரி, பறவைகள் சரணாலயம். நெற்றியில் வெள்ளை நாமத்தோடு நாமக்கோழிகள் மிதக்கும். மேலே துளி அசைவு கிடையாது, வேலையெல்லாம் தண்ணீருக்குள். கரையிலிருந்தே பார்த்துவிட்டு வரலாம். என் கணக்கில் அதுவும் நீர்விளையாட்டுதான்.

நேரம் இருந்தால் சிதம்பரம் தாண்டிப் பிச்சாவரம். சுரபுன்னைக் காட்டுக்குள் துடுப்புப் படகு நுழைந்ததும் வெயில் காணாமல் போகும், வேர்கள் விரல் விரலாகத் தண்ணீருக்குள் இறங்கி நிற்கும். ஆழம் கேட்டேன். “இடுப்பளவுதான் சார், விழுந்தா எழுந்து நின்னுக்கலாம்” என்றார் படகோட்டி. யாருடைய இடுப்பு என்பதுதான் பிரச்சினை. மனிதர் ஆறடிக்குக் குறையாமல் இருந்தார். ஒவ்வொரு திருப்பத்திலும் “இங்கதான் சார் எம்.ஜி.ஆர். படம் எடுத்தாங்க” என்று வேறு சொல்லிக்கொண்டு வந்தார். 1975-இல் வந்த ‘இதயக்கனி’யை அங்கே எடுத்தது உண்மைதான், அத்தனை திருப்பத்திலுமா எடுத்தார்கள்? சிதம்பரத்துக்குத் தில்லை என்ற பெயரைத் தந்த தில்லை மரமும் இந்தப் பக்கத்துச் சதுப்பில் உண்டு. அதன் பால் கண்ணில் பட்டால் பொல்லாதது என்று கேள்விப்பட்ட நிமிடத்திலிருந்து, எந்தக் கிளையைக் கண்டாலும் தலையைக் கவிழ்த்துக்கொண்டேன். “கோயில்ல கூட நீங்க இப்படிக் குனிஞ்சதில்லை” என்றாள் மனைவி.

தம்பதியாகக் கயாக் எடுப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. முன்னால் இருப்பவர் வேகத்தைப் பார்த்துக்கொள்வார். படகைத் திருப்புவது பின்னால் இருப்பவர். வீட்டில் யார் பேச்சு எடுபடுகிறதோ அவரைப் பின்னால் உட்கார வையுங்கள். லைஃப் ஜாக்கெட்டின் கொக்கிகளையும் மறக்காமல் மாட்டுங்கள், தண்ணீர் இடுப்பளவே என்றாலும்.